டர்பன் இம்மானுவேல் பேராலயம்: வேனில் போகாதீர்கள், நடந்து போங்கள்

மச்சான் மகன் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கக் காரைக்குடியிலிருந்து கிளம்பும்போது ஆளாளுக்கு "சிங்கம் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். சிங்கத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு மாதா கோயிலும் மசூதியும் சந்தையும், மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கிற இடம். அங்கே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் ஊர் சுற்றிக் காட்டும் வேனில் ஆளுக்கு ஒரு தொகை கட்டிப் போனோம். தண்டம். பேராலயத்துக்கு எதிரே நிறுத்தி "ஐந்து நிமிடம், போட்டோ எடுத்துக்கோங்க" என்றார் ஓட்டுநர், உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்து ஒரு நினைவுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். எதற்கு என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மச்சான் மகனே கூட்டிக்கொண்டு போனான். "மாமா, போனைச் சட்டைப் பையில வைக்காதீங்க, காலையில போயிட்டு மதியத்துக்குள்ள திரும்பிடுவோம்" என்பது மட்டும்தான் அவன் போட்ட நிபந்தனை. நகரின் அந்தப் பகுதி அப்படி, அதை மறைக்க வேண்டியதில்லை.

இம்மானுவேல் பேராலயம் 1904இல் கட்டி முடித்தது. கோத்திக் பாணி, கூரான வளைவுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். நம் பக்கத்து இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் பார்வையிலேயே பழகிய முகமாகத் தெரியும். அழகை மட்டும் போட்டிக்கு வைத்தால் என் ஓட்டு இடைக்காட்டூருக்குத்தான், ஊர்ப்பாசம் என்று சொன்னாலும் சரி. ஆனால் டர்பன் கோயிலில் இன்னொன்று இருக்கிறது. டெனிஸ் ஹர்லி என்ற பேராயரை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். 31 வயதில் ஆயர் ஆனவர், 1951லிருந்து 1992 வரை இந்த ஊருக்குப் பேராயர், நிறவெறிச் சட்டங்களை வாய்விட்டு எதிர்த்தவர், 2004இல் காலமானார். கோயிலை ஒட்டியே அவர் பெயரில் ஒரு மையம் வைத்து, வீடில்லாதவர்களுக்கும் அகதிகளுக்கும் சாப்பாடும் வைத்தியமும் கொடுக்கிறார்கள். நாங்கள் போனபோது வாசலில் நல்ல கூட்டம். குவீன் தெரு என்று இருந்த தெருவுக்கும் இப்போது அவர் பெயர்தான்.

கோயிலை விட்டு வந்து மதரஸா ஆர்கேட் என்ற நீளமான கடைச்சந்துக்குள் நுழைந்தால் ஜும்மா மசூதிப் பக்கம் போய்விடலாம். துணி, வளையல், பாத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். மசூதி 1881இல் தொடங்கியது, ஒரு காலத்தில் பூமியின் தென்பாதியிலேயே பெரியது என்று பெயர். தங்க நிறக் கும்பம் வைத்த மினார் தூரத்திலேயே கண்ணில் படும்.

அப்புறம் விக்டோரியா தெரு சந்தை. பழைய சந்தை 1973இல் எரிந்துபோய்ப் புதிதாகக் கட்டியது இது. மசாலாப் பொடிகளைக் கோபுரம் மாதிரி குவித்து வைத்திருக்கிறார்கள், ஒரு பொடிக்கு 'மாமியாரைத் தீர்த்துக்கட்டுவது' என்று பெயர். அரைக் கிலோ வாங்கட்டுமா என்று கேட்டதற்கு வீட்டு ஆச்சி முறைத்த முறையில் கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டேன். வாசனை பிரமாதம், ஆனால் கல்பாசி கேட்டு மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை, மராட்டி மொக்கு என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

அந்தக் கடைக்காரரின் பாட்டனார் தமிழராம், அவருக்குத் தமிழ் நாலைந்து சொல்தான் வருகிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இங்கே இறக்கியது, 1911 வரைக்கும் இப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர். நம் அப்பச்சிமார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கணக்குப் புத்தகத்தோடு கப்பலேறினார்கள், திரும்பி வந்து தேக்கும் பளிங்குமாக வீடு கட்டினார்கள். இவர்கள் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறியவர்கள். அந்தக் கடையில் நின்றபோது எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

நேரமிருந்தால் வார்விக் சந்திப்புக்கும் போங்கள். கட்டி முடிக்காமல் விட்ட ஒரு மேம்பாலத்தின் மேலே ஜூலு மக்களின் மூலிகைச் சந்தை நடக்கிறது, வேரும் பட்டையும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நம் நாட்டு மருந்துக் கடை பத்தைச் சேர்த்து வைத்தாலும் ஈடாகாது. போட்டோ எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், சிலருக்குப் பிடிப்பதில்லை. 1910இல் கட்டிய நகர மண்டபம் பெல்ஃபாஸ்ட் மண்டபத்தின் நகல், வெளியே நின்று பார்த்தால் போதும்.

சாப்பாட்டுக்கு பன்னி சாவ். பன்னி என்றால் ஆங்கிலத்தில் முயல், அதற்காக முயல் கறி என்று பயப்பட வேண்டாம், பாதி ரொட்டியைக் குடைந்து அதற்குள் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். கால் ரொட்டியே ஒருவருக்குத் தாராளம். மிளகு பத்தவில்லை, மிளகாய் அதிகம், இருந்தாலும் ரொட்டியின் அடிப்பக்கம் குழம்பில் ஊறிக் கிடக்கிறதே, அதற்காக இன்னொரு தடவை சாப்பிடலாம்.

கோயிலும் சந்தையும் சேர்த்து ஐந்துக்கு நாலரை. வேனுக்கு ஒன்று, அதுவும் ஏசி வேலை செய்ததால். மாமியார் பொடியைப் போட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்தோம், என் மாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.