பாலிஹவுஸ் குடமிளகாய்க்கு 13-0-45ஆ, 0-0-50ஆ?

ஓசூர் பக்கம் பாலிஹவுஸ் போட்டவங்க நிறைய பேர் இதுல குழம்புறாங்க. ரெண்டுமே தண்ணில கரையுற பொட்டாஷ் உரம்தான்: 13-0-45ன்னா பொட்டாசியம் நைட்ரேட், 0-0-50ன்னா பொட்டாசியம் சல்பேட்; எண்கள் வரிசையா தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) சத்தோட சதவீதம். பொட்டாஷ் போதுமா இருந்தாத்தான் வேர் எடுத்த நைட்ரேட் (தழைச்சத்தோட ஒரு வடிவம்) இலைக்கு ஒழுங்கா ஏறி புரதமா மாறும், அது கம்மியானா தழைச்சத்து எவ்ளோ விட்டாலும் செடி முழுசா எடுத்துக்காது, அடி இலை ஓரம் கருகிட்டே வரும்.

தழைச்சத்து: 13-0-45ல 13% நைட்ரேட்டாவே இருக்கு, மத்த உரத்துல அந்தளவு கழிச்சிடுங்க.
0-0-50ல சுத்தமா இல்ல, ஆனா கந்தகம் 17.5% இருக்கு, புரதம் உருவாக அதுவும் வேணும்.

கலக்குறது: 13-0-45ஐ கால்சியம் நைட்ரேட்டோட ஒரே டேங்க்ல போடலாம்.
0-0-50ஐ அப்படி போட்டுடாதீங்க, ஜிப்சமா வெள்ளையா படிஞ்சு டிரிப்பர் அடைச்சிக்கும்.

விலை: ரெண்டுமே சிவப்பு பொட்டாஷ விட ஜாஸ்திதான், ஆனா அதுல இருக்குற குளோரைடு நைட்ரேட்டோட போட்டி போடும், பாலிஹவுஸுக்குள்ள அது வேணாம்.

செடி வளர்ற நேரம் 13-0-45, காய் பெருக்குறப்ப இலை கரும்பச்சையா கொழுத்து நின்னா 0-0-50. எதையும் அளவு மீறி விட்டா கால்சியம் ஏறாம காய் நுனி அழுகிடும்.