ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்: பொருத்தி ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

1961 முதல் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன்தான் வந்தது. முன்னால் 8 அங்குல டிரம், பின்னால் 7 அங்குல டிரம். ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள வண்டிக்கு, அக்காலச் சாலைகளிலும் வேகத்திலும் அவை போதுமானவையாகவே இருந்தன. இன்று முன்னே செல்லும் புதிய கார் ஏபிஎஸ் உதவியோடு சட்டென நிற்கும்போது, அதே இடைவெளியில் ஹெரால்டை நிறுத்த முடியும் என்று நம்பி ஓட்டுவது ஆபத்தானது. அதனால்தான், முழுமையாகச் சீரமைத்த என் மார்க் 3 வண்டிக்கு, இங்கிலாந்திலிருந்து முன்சக்கர டிஸ்க் பிரேக் தொகுப்பு ஒன்றை வரவழைத்துப் பொருத்தினேன்.

ஹெரால்டின் அடிச்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 1962-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், தொடக்கம் முதலே முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் கொண்டிருந்தது. எனவே இந்த மாற்றம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்த ஓர் ஏற்பாடுதான். தொகுப்பில் 9 அங்குல டிஸ்க்குகள், டிஸ்க்கின் பக்கத்துக்கு ஒரு பிஸ்டன் வீதம் இரண்டு பிஸ்டன் கொண்டு, பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் டிஸ்க்கைக் கவ்வும் கிர்லிங் வகைக் காலிப்பர்கள், ஹப், சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்சில், அதைத் தாங்கி நிற்கும் செங்குத்து இணைப்பு ஆகிய அனைத்தும் இருந்தன. என் வண்டியில் எங்கும் துளையிடவோ வெல்டு வைக்கவோ தேவைப்படவில்லை. விரும்பினால் பழைய டிரம்முக்கே திரும்பவும் முடியும். பானெட்டும் முன் மட்காடுகளும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால், டயர்மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம் என்பது ஹெரால்டில் கிடைக்கும் சுகம்.

பாகங்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை. டிஸ்க்குகள் கோட்டமின்றிச் சுழன்றன. காலிப்பர் பிஸ்டன்கள் சீராக நகர்ந்தன. உடன் வந்த குறிப்பேடுதான் ஏமாற்றம். செங்குத்து இணைப்பின் அடிமுனை டிரனியன் எனப்படும் வெண்கலத் துண்டில் திருகப்படுகிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். அங்கே கிரீஸ் அல்ல, 90 கிரேடு கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். ஆயிலின்றி அந்த மரை துருப்பிடித்தால், ஒருநாள் இணைப்பு முறிந்து சக்கரமே மடங்கிவிடும். இவ்வளவு முக்கியமான செய்திக்குக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. நம் பட்டறைகளில் நிப்பிளை (கிரீஸோ ஆயிலோ செலுத்தும் சிறு முனை) கண்டாலே கிரீஸ் கன்னை வைக்கும் வழக்கம் உண்டு என்பதால், இதை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஓட்டும்போது முதலில் தெரியும் மாற்றம், பெடலைக் கூடுதல் பலத்துடன் மிதிக்க வேண்டியிருப்பது. டிரம்மில், சுழலும் டிரம்மே உள்ளிருந்து தன்னை உரசும் ஷூவைத் தன்னுடன் இழுத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆனால் மிதிக்கும் அளவுக்கு ஏற்ப வண்டி அடங்குகிறது. ஒரு பக்கம் இழுப்பதில்லை. மழைநீரில் இறங்கி ஏறிய பிறகும் பிடிப்பு விரைவில் திரும்புகிறது. உண்மையான பலன் மலைச்சாலையில்தான் தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு சாலையில் இறங்கும்போது, டிரம் சூடேறி விரிந்து, ஒவ்வொரு வளைவுக்கும் பெடல் இன்னும் கீழே போகும் அந்த அச்சம் இப்போது இல்லை. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சூடு உடனுக்குடன் வெளியேறுகிறது. இருந்தாலும் வளைவுக்குள் நுழைந்த பிறகு பலமாக பிரேக் பிடிப்பதை நான் தவிர்க்கிறேன். ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்சில் (இரு பாதி ஆக்சில்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும்) அமைப்பில், வண்டியின் பின்பகுதி தூக்கும்போது சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும் இயல்பு உண்டு. அதற்கு டிஸ்க் பிரேக் மருந்தாகாது.

தொகுப்பின் விலையோடு சுங்க வரியையும் சேர்த்துப் பார்த்தால் செலவு கணிசமானது, அதோடும் முடிவதில்லை. இந்த வண்டியில் பிரேக் ஆயில் செல்லும் சுற்று ஒன்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிடிப்பு போய், கம்பியால் இயங்கும் கை பிரேக் மட்டுமே மிஞ்சும். எனவே ரப்பர் ஹோஸ்கள், குழாய்கள், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கர வீல் சிலிண்டர்கள் அனைத்தையும் இதே கையோடு புதுப்பிக்க வேண்டும். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் மட்டம் இறங்கும் என்பதால், பழைய சிறிய ஆயில் கிண்ணத்தை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பிரேக் அந்த வரிசையில் பெயர் சொல்லப்படவில்லை என்றாலும், வாங்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே முறை. வண்டியைக் கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை உலாவுக்கும் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்; நல்ல லைனிங் ஒட்டி, டிரம்மை லேத்தில் கடைந்து, ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே அவர்களுக்குப் போதும். நெடுஞ்சாலையிலும் மலையிலும் குடும்பத்தோடு ஓட்டுபவர்கள், வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.