ஊசியை மன்னித்துவிட்டேன், கட்டிலை இன்னும் இல்லை

போன வாரம் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் இடுப்பு வலி விடவில்லை. நீ அக்குபஞ்சருக்குப் போகிறாயே, நானும் போகலாமா?" அரை மணி நேரம் பேசியும் என்னால் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குக் கீழ் முதுகெலும்பில், எல்4-எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கில் அறுவை சிகிச்சை, திருகாணியும் கம்பியும் வைத்தது. காலுக்கு இறங்கிய நரம்பு வலி அதோடு போயிற்று. முதுகு வலி மட்டும் தங்கிவிட்டது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் அக்குபஞ்சர் ஊசிக்குப் போனேன். பதினான்கு மாதம் ஆகிறது. முதல் பத்து வாரம் வாரத்துக்கு ஒரு தடவை, இப்போது மாதம் இரண்டு.

ஊசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. கால் மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரு தடவை குத்தியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். புது உறையைப் பிரிப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வேன். எனக்குத் தழும்பின் மேல் குத்துவதில்லை. பாதி ஊசிகள் முழங்கால் மடிப்பிலும் கணுக்காலிலும்தான். மடிப்பில் குத்தியதும் கனமான ஒரு கடுகடுப்பு பாதம் வரை இறங்கும். அது எனக்குப் பிடித்தே போய்விட்டது.

பிடிக்காதது அந்தக் கட்டில். குப்புறப் படுத்து, ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்து, இருபத்தைந்து நிமிடம். குப்புறப் படுத்தாலே என் இடுப்பு உள்ளே குழிந்துகொள்ளும். பத்தாவது நிமிடத்தில் வலி தொடங்கும். முதுகெல்லாம் ஊசி, அசைய முடியாது. அப்போது பார்த்துத்தான் மூக்கும் அரிக்கும். ஊசியை எடுத்த பிறகு எழுந்து உட்காருவது தனிக் கூத்து. வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் வலியோடு எழுந்து வருவேன். "முதலில் கொஞ்சம் கூடும், அது நல்ல அறிகுறி" என்பார் ஊசி போடுபவர். குறைந்தாலும் நல்ல அறிகுறிதான். கூடினாலும் குறைந்தாலும் அவருக்கே வெற்றி!

ஆறு மாதம் பல்லைக் கடித்தேன். ஒரு நாள் வெடித்துவிட்டேன். "அப்படியா? ஒருக்களித்துப் படுங்களேன்" என்றார், சாதாரணமாக. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, அவ்வளவுதான். அதே ஊசிகள், ஏறக்குறைய அதே இடங்கள். நானும் முன்பே வாயைத் திறந்திருக்கலாம், சரி. ஆனால் முதுகில் தழும்போடு வருபவரிடம் "எப்படிப் படுத்தால் வசதி?" என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? நினைத்தால் இப்போதும் சுர்ரென்று ஏறுகிறது.

பலனைச் சொல்லவில்லையே. பத்துக்கு ஏழாக இருந்த வலி ஐந்தாகியிருக்கிறது. நான் எதிர்பாராதது தூக்கம். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிப்பு வருவதில்லை. இரண்டு வருஷமாக விடியற்காலை மூன்று மணியைத் தவறாமல் பார்த்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

எல்லாம் மனப்பிரமையோ என்று தோழி கேட்டாள். இருக்கலாம். 2007இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வொன்றில் முதுகு வலிக்காரர்கள் 1162 பேர். முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்குப் பலன். குத்த வேண்டிய இடம் என்று அக்குபஞ்சர் சொல்லும் புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. புள்ளி எது என்று எனக்கு ஊசி போடுபவர் விரலால் அளந்து அளந்து தேடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் செலவை ஏற்கிறது. ஆனால் அறுவை சிகிச்சையோடு தொடர்புடைய வலி அதில் சேராது. எங்களைப் போன்றவர்கள் அங்கேயும் வாசலுக்கு வெளியேதான்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் வைக்க விடாதீர்கள். சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, பாதம் தூக்க வரவில்லை என்றால் ஊசியை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தோழிக்கு என் பதில்: போக வேண்டாம். அந்த நேரத்தில் நட, பிசியோ சொன்ன பயிற்சியைச் செய். என் முதுகு அதற்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது.

எனக்கு அடுத்த முறை வியாழக்கிழமை. தலையணையை வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறேன். அங்கிருப்பது ரொம்பத் தட்டை.