நீர்வண்ண ஓவியம் என்று சொல்லி அச்சுத்தாளை அனுப்பினார்கள்: 8,500 ரூபாய் போயிற்று

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். தணிகிற வழியாக இல்லை. பழைய குடும்பப் புகைப்படத்தைக் கொடுத்தால் கையால் நீர்வண்ண ஓவியம் வரைந்து தருவதாக விளம்பரம் செய்யும் இணையக் கடை ஒன்று, என்னிடம் 8,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஓர் அச்சுத்தாளை அனுப்பியிருக்கிறது.

ஆச்சிக்கு இருப்பது ஒரே ஒரு படம். திருநெல்வேலி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் மாளிகைத் தூண் வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி, ஆச்சியின் வளர்ந்து தொங்கும் காதில் பாம்படம். உள்ளே அரக்கும் மேலே தங்கத் தகடுமாக இருந்த அந்தப் பாம்படத்தைப் பிடித்து இழுத்து அடி வாங்கிய கதையை அப்பா இன்றும் சொல்வார். அவருக்கு எண்பது நிறைகிறது. அந்தப் படத்தை வண்ணத்தில் வரைந்து, சுற்றிலும் ஆச்சி வீட்டு முற்றத்துப் பவளமல்லி உதிர்ந்து கிடப்பதுபோல் வேண்டும் என்று கேட்டேன்.

பேசியவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பாம்படம் இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்புங்கள் அக்கா, வடிவம் மாறிவிடக் கூடாது" என்றார். பவளமல்லிக் காம்பின் நிறத்தைக்கூட விசாரித்தார். இப்படிக் கேட்கிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? பிறகு ஒரு வீடியோ வந்தது. பென்சில் கோட்டின் மேல் ஒரு கை நீரும் வண்ணமுமாகச் சேலைக் கரையைத் தீட்டுகிறது, தாள் ஈரத்தில் மினுங்குகிறது. முகம் அதில் இல்லை. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார்கள், அனுப்பினேன். மூலப்படத்தையும் கூரியரில் கேட்டார்கள். ஸ்கேன் மட்டும் கொடுத்ததால் ஆச்சி படமாவது தப்பியது.

வந்ததைப் பிரித்ததும் கண் காதுக்குத்தான் போனது. பாம்படம் இல்லை! தொங்கும் காது சுருங்கி, அதில் ஜிமிக்கி ஆடுகிறது. பவளமல்லி கேட்ட இடத்தில் ரோஜாப்பூக்கள். அப்பா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக அச்சுப் புள்ளிகள். நீர்வண்ணத்தில் நிறம் தாளின் குழிகளில் படிந்து நிற்கும், காய்ந்த இடத்தின் ஓரம் சற்றுக் கருத்திருக்கும். இங்கே தாள் வழவழவென்று இருக்கிறது, சொரசொரப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். கணினியில் ஏதோ ஒரு மென்பொருளிடம் கொடுத்து எடுத்த படம் இது. ஆச்சியின் காதை அந்த மென்பொருள் குறை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறது. இதற்கா 8,500 ரூபாய்?

கேட்டதற்கு முதலில் "ஓவியர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறோம்" என்றார்கள். அடுத்து, "டிஜிட்டல் நீர்வண்ணமும் நீர்வண்ணம்தானே மேடம்." அக்கா அதற்குள் மேடம் ஆகிவிட்டேன். புள்ளிகளைப் படம் எடுத்து அனுப்பினால், "உங்கள் விருப்பப்படி செய்த பொருளுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை" என்று ஒரே வரியில் பதில். மறுபடியும் கேட்டேன், என் எண்ணை முடக்கிவிட்டார்கள். 8,500 ரூபாய் வாங்கும் வரை இரவு பதினொரு மணிக்கும் பதில் சொன்னவர்கள்!

ஓவியம் வரையச் சொல்ல நினைப்பவர்கள் முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பாதி வரைந்த நிலையில் உங்கள் வீட்டு முகம் தெரியும்படி வீடியோ கேளுங்கள், யாரோ ஒருவருடைய கை போதாது. மூலப்படத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். கையால் தாளில் வரைந்தது, அச்சு அல்ல என்று எழுத்தில் வாங்குங்கள். பேசியதை எதையும் அழிக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். பணம் ஏமாந்தவர்கள் சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்ணையும் உடனே அழையுங்கள். என் 8,500 ரூபாய் திரும்பி வந்தால் அதையும் எழுதுகிறேன்.