மாறாத ஐபி முகவரி: கணினியில் எழுதுவதா, ரௌட்டரில் ஒதுக்குவதா?

வீட்டுக் கணினிகளுக்கு மாறாத ஐபி முகவரி (வலையில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் வழிகள் இரண்டு. ஒவ்வொரு கணினியிலும் முகவரியை நாமே எழுதிவைப்பது ஒன்று. கணினியை டிஎச்சிபி நிலையிலேயே, அதாவது ரௌட்டர் தானாகவே முகவரி வழங்கும் முறையிலேயே, விட்டுவிட்டு, இன்ன கணினிக்கு இன்ன முகவரி என்று ரௌட்டரில் ஒதுக்கிவைப்பது மற்றொன்று. முதல் வழியில் சில காலம் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான் என்பதால், என் சாய்வு ரௌட்டர் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் உலாவுவது மட்டுமே வேலை என்றால் இரண்டுமே தேவையில்லை. கோப்புகளைப் பகிரும் கணினி, பிரிண்டர் இணைத்த கணினி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேறொரு கணினியிலிருந்து நுழையும் கணினி போன்றவற்றுக்குத்தான் இந்தக் கேள்வி எழுகிறது.

அமைக்கும் சிரமத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கணினியில் எழுதுவதென்றால் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி வலைக்குரியது என்று காட்டுவது), கேட்வே (இணையத்துக்குச் செல்லும் வாயில், வீட்டில் ரௌட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆகிய நான்கையும் பிழையின்றி நிரப்ப வேண்டும். விண்டோஸ் 10-இன் அமைப்புகள் பக்கம் மாஸ்க்குக்குப் பதிலாக அதன் நீளத்தைக் கேட்பதால், அங்கே 255.255.255.0 என்று எழுதினால் ஏற்காது. 24 என்றே எழுத வேண்டும். எழுதும் முகவரி, ரௌட்டர் தானாகப் பகிர்ந்தளிக்கும் வரம்புக்கு வெளியே இருப்பதும் அவசியம். வரம்பு, முகவரியின் கடைசி எண்ணில், 100 முதல் 199 வரை என்றால் 192.168.1.20 பாதுகாப்பானது, 192.168.1.105 என்று வைத்தால் என்றாவது ஒருநாள் ஒரு கைப்பேசிக்கும் அதே எண் போய்ச் சேர்ந்து இரண்டும் மோதிக்கொள்ளும். ரௌட்டரில் ஒதுக்கும்போது, கணக்கை ரௌட்டரே வைத்திருப்பதால், இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

என்னை மாற வைத்தது பராமரிப்புதான். இணைய நிறுவனத்தை மாற்றினாலோ பழைய ரௌட்டர் பழுதானாலோ புதியது வரும், அது 192.168.1 வரிசைக்குப் பதிலாக 192.168.0 வரிசையில் இயங்கக்கூடும். அப்போது கையால் முகவரி எழுதப்பட்ட கணினி வைஃபையில் இணைந்திருப்பதாகவே காட்டும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது, ஏனெனில் அது தேடும் கேட்வே அந்த வலையில் இல்லை. ரௌட்டரின் நிர்வாகப் பக்கமும் அந்தக் கணினியிலிருந்து திறக்காது என்பதால், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் அமர்ந்து மாற்றி எழுத வேண்டிவரும். திரையும் விசைப்பலகையும் இல்லாமல் பரண் ஓரத்தில் கோப்புச் சேமிப்புக்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி என்றால், அதற்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் இணைக்க வேண்டும். மடிக்கணினிக்கு இந்தத் தொல்லை ரௌட்டர் மாறாமலே வரும்: வைஃபை அடாப்டருக்கே பொதுவாக எழுதிவைத்த முகவரி, அலுவலகத்திலும் உறவினர் வீட்டிலும் உடன் வந்து நின்று இணைப்பைக் கெடுக்கும்.

ரௌட்டர் மாறினால் ஒதுக்கீட்டுப் பட்டியலும் போய்விடும் என்பது உண்மைதான். ஆயினும் கணினிகள் அனைத்தும் தாமாகவே புதிய முகவரி பெற்று இணையத்துக்கு வந்துவிடும். பட்டியலை ஒரே இடத்தில், ஓய்வாக, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். புதிய ரௌட்டரின் உள்வலை முகவரியைப் பழைய வரிசைக்கே மாற்றிவிட்டால் இரண்டு வழியிலும் வேலை குறையும். அதற்கு அந்த அமைப்பைத் தொட நிறுவனம் விட்டிருக்க வேண்டும்.

ஒதுக்கீட்டுக்கும் குறைகள் உண்டு. ரௌட்டர் கணினியை அடையாளம் காண்பது அதன் மேக் (MAC) முகவரியை, அதாவது வலை அடாப்டரின் வன்பொருள் அடையாள எண்ணை, வைத்தே; வைஃபைக்கு ஒன்றும் ஈதர்நெட்டுக்கு வேறொன்றுமாக இரண்டு இருக்கும் என்பதால், கேபிளைச் செருகியதும் ஒதுக்கிய முகவரி கிடைக்கவில்லையே என்று குழம்ப நேரும். யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் என்றால் மேக் முகவரி பொதுவாக அடாப்டருக்கு உரியது, கணினிக்கு உரியதன்று. விண்டோஸில் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் தற்செயல் வன்பொருள் முகவரி என்னும் வசதியை இயக்கியிருந்தால், ஒதுக்கீடு செய்யும் வலைக்கு மட்டுமாவது அதை அணைத்துவைக்க வேண்டும்.

கணினியில் எழுதுவதே சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வீட்டு வலைக்கு டிஎச்சிபி சேவையை வழங்குவதே ஒரு கணினி என்றால், அது தன் முகவரியைப் பிறரிடம் கேட்டு நிற்க முடியாது. ரௌட்டர் செயலிழந்த நேரத்திலும் சுவிட்ச் (கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வழியாகக் கணினிகள் தமக்குள் பேச வேண்டும் என்றாலும் அதுவே மேல். டிஎச்சிபியை நம்பிய கணினியை அந்த நேரத்தில் மறுதொடக்கம் செய்தால், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொண்டு மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும்.

ஆப்பிளின் மேக் கணினிகளில் என் பழக்கம் குறைவு. அவற்றில் முகவரியை மட்டும் கையால் எழுதி, மற்றவற்றை டிஎச்சிபியிடம் விடும் நடுவழி ஒன்று இருக்கிறது; ஆனால் வரிசையே மாறிவிடும்போது அந்த ஒற்றை எண்ணும் பழையதாகிவிடும் என்பதால், அங்கேயும் ரௌட்டரில் ஒதுக்குவதையே தேர்ந்தெடுப்பேன்.