நடுங்கும் கைகளும் ஒரு டிசிசி செட்டும்

வாரம் ஒருநாள் நாங்கள் நாலு பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், நண்பர் வீட்டு மாடி அறையில் மாடல் ரயில் ஓட்டுகிறோம். முன்பு வைத்திருந்தது 1:160 அளவு, அதாவது நிஜ ரயிலில் 160ல் ஒரு பங்கு. 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் சக்கரத்தை ஏற்றி உட்கார வைப்பதற்குள் கை நடுங்கிவிடும் என்பதால் எச்ஓ என்கிற பெரிய அளவுக்கு, அதாவது 1:87க்கு மாறிவிட்டோம்.

தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரத்தையே குமிழால் கூட்டிக் குறைக்கும் பழைய டிசி முறையில் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், குமிழ் யார் கையில் என்று தினம் சண்டை. அதனால்தான் ஒவ்வொரு எஞ்சினையும் அதன் முகவரி எண்ணை வைத்துத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறையான இந்த டிசிசி செட்டைப் பங்கு போட்டு வாங்கினோம். சரி, எப்படி இருக்கிறது? குமிழ் பெரியது, மூட்டுவலி விரலுக்கும் பிடிபடுகிறது. திரை எழுத்துதான் எறும்பு சைஸ். கையேடு அதைவிட மோசம்: புது டிகோடர் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சில்லு) பொதுவாக 3 என்ற முகவரியோடுதான் வரும், முதலில் அதை மாற்றுங்கள் என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் நான் என் சரக்கு எஞ்சினைக் கிளப்ப, அதே முகவரியோடு எதிரே நின்ற நண்பரின் புது எஞ்சினும் கூடவே கிளம்பி, இரண்டும் நேருக்கு நேர் முட்டி, அவருடைய எஞ்சினின் பஃபர் (முன்னால் இருக்கும் மோதல் தாங்கி) ஒடிந்தது. இரண்டு வாரம் மனுஷன் பேசவில்லை. அப்புறம் பசையும் இடுக்கியுமாக அவரே வந்து என் எஞ்சினின் கப்ளரையும் (பெட்டி கோக்கும் கொக்கி) சேர்த்து ஒட்டிக் கொடுத்தார்.

மெதுவாக ஓட்டுவதில் அசத்துகிறது, தண்டவாளத்தின் குறுக்குக் கட்டை ஒவ்வொன்றாக ஊர்ந்து போய் நிற்கும். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்காவிட்டால் திக்கித் திக்கித்தான் போகும், அது இதன் குற்றமில்லை. ஐந்துக்கு மூன்றரை. தனியாக ஒரே எஞ்சின் ஓட்டுகிறவருக்கு இது வேண்டாம்.