ஒரு பஸ் பயணம், ஒரு ஆல்பம்: இருபது வருட அனுபவம்

கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போக ஐம்பது நிமிடம் ஆகும், கூட்டம் இருந்தால் ஒரு மணி நேரம். 2004-இல் நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலை, அதே ரூட். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட் கிடைத்து உட்கார்ந்ததும் ஹெட்போன் காதில் ஏறிவிடும். பழைய ராக் ஆல்பங்களில் பெரும்பாலானவை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம்தான். எல்.பி. ரெக்கார்டில், அதாவது பெரிய இசைத்தட்டில், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நல்ல சத்தத்தோடு பதிய முடியும், அதனால் வந்த அளவு அது. எங்கள் பஸ்ஸுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

ஒரு ஆல்பம் வந்த புதிதில் எப்படி இருந்தது என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நூறு தடவைக்கு மேல் கேட்ட பிறகு எது நிற்கிறது, எது உதிர்ந்துவிட்டது என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன். எனக்கு ஒரே கட்சி: முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல், எதையும் வெட்டாமல் கேட்க வேண்டும். டிவி காமெடியின் ஒரு சீசனுக்கும் அதேதான்.

என்னிடம் அதிகம் தேய்ந்தது பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973-இல் வந்தது. இதயத்துடிப்பில் ஆரம்பித்து இதயத்துடிப்பிலேயே முடியும். கெடிலம் பாலம் ஏறும்போது அந்தத் துடிப்பு மெல்லத் தொடங்கும். 'டைம்' பாட்டின் கடிகார மணிகள் ஒன்றாக அலறும்போது பெண்ணையாற்றுப் பாலம் வந்திருக்கும். அந்த மணிகளை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழங்காலக் கடிகாரக் கடையில் பதிவுசெய்தார். கன்னியக்கோயில் நெருங்கும்போது கிளேர் டாரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் வெறும் குரலால் பாடுவார். அன்று அவருக்குக் கொடுத்த சம்பளம் 30 பவுண்டு. அந்தப் பாட்டை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்று அவர் பெயரைச் சேர்க்க 2005 ஆயிற்று. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த இடம் வரும்போது நான் யாரோடும் பேசுவதில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டால்கூடக் கையை மட்டும்தான் நீட்டுவேன்.

இந்த ஆல்பத்தை நான் பாழாக்கியும் கேட்டிருக்கிறேன். 2006 வாக்கில் எல்லாவற்றையும் எம்.பி.3 ஆக மாற்றி ஒரு சின்ன பிளேயரில் போட்டேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் ஒரு வெட்டு விழுந்தது. அந்த முறை ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்கிச் சேமிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் நிரம்பாத துண்டை மௌனத்தால் நிரப்பும். சாதாரண சினிமாப் பாட்டில் அது தெரியாது. ஆனால் ஒரு பாட்டு அடுத்ததற்குள் அப்படியே கலந்து போகும் ஆல்பத்தில், நடந்துகொண்டிருப்பவன் காலடியில் ஒரு படியை உருவியது போல இருக்கும். மூன்று வருடம் அப்படியே கேட்டேன். இன்றைக்குப் பல பாட்டுச் செயலிகளில் செட்டிங்ஸுக்குள் போனால் 'கேப்லெஸ்', அதாவது இடைவெளி இல்லாமல், என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இதுதான்.

அடுத்தது பீட்டில்ஸின் 'அபே ரோடு', 1969. இதன் கேசட் ஒன்று பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், துணிக் குவியலுக்குப் பக்கத்தில் பழைய பிளக்குகளோடு கிடந்தது. வெளிநாட்டு கேசட். கடல் காற்றுக்குக் கேசட் தாங்காது, ரிப்பனில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். இதிலும் ஓரத்தில் பிடித்திருந்தது. பென்சில் விட்டுச் சுற்றி, பஞ்சால் துடைத்து, வெயில் படாத இடத்தில் காயவைத்துக் காப்பாற்றினேன். அதில் முதல் பாட்டு 'ஹியர் கம்ஸ் தி சன்'. ஆல்பமே அப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று பல வருடம் நம்பியிருந்தேன். கேசட்டின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம் வரவேண்டும் என்று ரெக்கார்டில் முதலில் வரும் 'கம் டுகெதர்' பாட்டையும் இதையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மாற்றின வரிசைக்கு என்னிடம் ஒரு தனி இடம் உண்டு. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்களுக்கும் பாண்டிக்கும் நடுவே கரை ஏறியது. காலையில் கதவைத் திறந்தால் தெரு முழுக்க மரம். கம்பங்கள் ஒயரோடு சாய்ந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன சேதி அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. செல்போன் செத்துப்போனது. பரணில் இருந்த பழைய வாக்மேனில் இரண்டு பென்சில் பேட்டரி போட்டு, அந்தக் கேசட்டைச் செருகி, மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். ஆறாவது நாள் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. கிட்டார் மெதுவாக இழுத்தது. குரல் அரை ஸ்வரம் கீழே போய், பாடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தது போல இருந்தது. பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்து மறுபடி போட்டேன். ஒரு பாட்டு ஓடியது. சூரியன் வருகிறது என்று சொல்லும் பாட்டு அது. வரிசை மாறக்கூடாது என்று சண்டை போடுகிற நான், இந்த ஒரு கேசட்டின் வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளாக ஆக உதிர்ந்தவையும் உண்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' 26 பாட்டு, ஒரு மணி இருபது நிமிடம். கல்லூரி நாளில் வேதவாக்கு. இப்போது முழுசாக உட்கார முடியவில்லை. அந்த ஆல்பத்தில் இருக்கும் கோபம் எனக்குள் ஆறிவிட்டது. ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வில் எல்லோரும் முதல் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதன் கடைசிப் பாட்டு 'தி லாஸ்ட் ரிசார்ட்' கேட்காதவர்கள் அந்த ஆல்பத்தையே கேட்கவில்லை என்பேன். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' அப்படியே புதிதாக இருக்கிறது. குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் பதிவானது. 'தி செய்ன்' நடுவே எல்லாம் அடங்கி, பேஸ் கிட்டார் மட்டும் தனியாக எழுந்து வரும். ஐந்து பேர் பெயரும் சேர்ந்து இருக்கும் ஒரே பாட்டு அதில் அதுதான்.

நம் பக்கத்தில் கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-இல் கொடுத்த 'மக்தூப்' எனக்கு இவர்கள் யாருக்கும் குறைந்ததில்லை. பாட்டு ஆங்கிலம்தான், ஆனால் பைஜு தர்மஜன் கிட்டார் கம்பியை இழுக்கும்போது வருவது நம் கமகம். மார்கழியில் அக்கம்பக்கத்து வீட்டுக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதை இன்னும் நிறைய பேர் கேட்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை.

சரி, காமெடிக்கு வருகிறேன். இதற்குக் கூட்டாளி என் சித்தப்பா. முப்பது வருடம் பாண்டியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு 'ஃபால்டி டவர்ஸ்' போட்டுக் காட்டினேன். இங்கிலாந்தில் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டல், அதை நடத்தும் ஒரு சிடுமூஞ்சி. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியது. சிடுமூஞ்சியாக நடித்ததும் கிளீஸ்தான். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோடு.

"டேய், இவன் கைய பாருடா" என்றார் சித்தப்பா. வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே பேசும் கிளீஸின் கை, மேஜைக்கு மேல் இருந்த பேப்பரைக் கசக்கிக்கொண்டிருந்தது. நான் அதுவரை முகத்தைத்தான் பார்த்திருந்தேன். "ரிசப்ஷன்ல நிக்கிறவனுக்குக் கோவம் எல்லாம் கையிலதான்டா இருக்கும்" என்றார்.

எனக்கு இரண்டாவது சீசன்தான் மேல். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னப் பொய் விழும். கடைசி ஐந்து நிமிடத்தில் அது ஓட்டலையே கவிழ்க்கும். அதில் முதல் எபிசோடில் காது கேட்காத ஒரு அம்மாள் வருவார், பேட்டரி தீர்ந்துவிடும் என்று காது மெஷினை அணைத்தே வைத்திருப்பார். சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். இப்போது அவருக்கே காது மெஷின். அந்த எபிசோடு போட்டால் இன்னும் சத்தமாகச் சிரிக்கிறார், சிரித்து முடித்துத் தன் மெஷினை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

அமெரிக்க காமெடியான 'ஃப்ரெண்ட்ஸ்' 236 எபிசோடும் மூன்று முறை பார்த்தேன். ஐந்தாவது சீசன் தவிர மற்றதில் இப்போது ஜோக்குக்கு முன்னாலேயே ஆடியன்ஸ் சிரிப்புதான் கேட்கிறது. இன்னொரு அமெரிக்க காமெடி 'சைன்ஃபெல்ட்' அப்படித் தேயவில்லை. ஒன்பது சீசனில் நான்காவது, 1992-93, உச்சம். எதைப் பற்றியும் இல்லாத ஒரு டிவி தொடரை எடுக்கலாம் என்று அதில் வரும் நண்பர்கள் ஜெர்ரியும் ஜார்ஜும் ஒரு சேனலுக்கு யோசனை சொல்லப் போவார்கள். அந்தக் கதை சீசன் முழுக்க விட்டுவிட்டு ஓடும். செல்போனில் இரண்டு நிமிட கிளிப்பாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை இழை கையில் சிக்காது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் ஏழாவது சீசனோடு போனபின் வேகம் கூடியது, மனிதர்கள் கொஞ்சம் கார்ட்டூன் ஆனார்கள்.

2021-இல் இது ஓடிடியில் வந்தபோது அகலத் திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். சாலைக் குழி ஒன்றை வைத்தே ஓடும் எபிசோடு இருக்கிறது. ஜார்ஜும் ஜெர்ரியும் குனிந்து பார்க்கிறார்கள், குழியைக் காணோம். வெட்டின பகுதியில் போய்விட்டது. சித்தப்பா என்னைப் பார்த்து, "எதப் பாத்துடா சிரிக்கிறானுங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பழைய சதுரப் படம் உள்ள டிவிடி செட்டைத்தான் போடுகிறேன். பிளேயரின் லென்ஸில் உப்புக் காற்று படியும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். டிரே சில நாள் வெளியே வராது, பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது சீசனில் பதினோராவது எபிசோடு. சித்தப்பா ஐந்து மணிக்கே வந்துவிடுவார்.